கடல்நீர் மீன் தொட்டியில் உப்புக் கணக்கு

தூத்துக்குடியிலோ வேதாரண்யத்திலோ உப்பளத்தை நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி ஏற்கெனவே தெரியும். பாத்தியில் கடல்நீரைப் பாய்ச்சுகிறார்கள். வெயிலும் காற்றும் தண்ணீரை எடுத்துக்கொண்டு போகின்றன. உப்பு எங்கும் போவதில்லை. அங்கேயே தங்கி, நாளுக்கு நாள் நீரைக் கனமாக்குகிறது. வீட்டு ஹாலில் விளக்குப் போட்டு அழகாக வைத்திருக்கும் கடல்நீர்த் தொட்டியும் மெதுவாக நடக்கும் உப்பளம்தான். அது உப்பளமாக முற்றிவிடாமல் தடுப்பதுதான் தொட்டி வைத்திருப்பவரின் அன்றாட வேலை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் “எவ்வளவு உப்பு போடணும்?” என்று கேட்கிறார்கள். அதற்கான பதில் சுருக்கமானது: லிட்டருக்கு 35 கிராமிலிருந்து 38 கிராம் வரை, வாங்கும் உப்புக் கலவையைப் பொறுத்து. அப்படிச் சரியாகக் கலந்துவிட்டால், அடுத்து தண்ணீர் மாற்றும் நாள்வரை உப்பைத் தொட வேண்டியதே இல்லை. இடைப்பட்ட நாட்களில் பார்க்க வேண்டியது தண்ணீர் மட்டத்தை. இது மனதில் பதிந்துவிட்டால் மீதியெல்லாம் கூட்டல் கழித்தல்தான்.

35 என்றால் என்ன?

ஒரு கிலோ கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. ஆயிரத்தில் 35 பங்கு. மீன் வளர்ப்பவர்கள் பேச்சில் இது ‘35 பிபிடி’. இதையே இன்னொரு விதமாகவும் சொல்வார்கள்: நல்ல தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்துக்கொண்டால், 25 டிகிரி செல்சியஸில் இந்தக் கடல்நீரின் அடர்த்தி ஏறக்குறைய 1.026. பள்ளிப் பாடத்தில் ஒப்படர்த்தி என்று படித்தது இதைத்தான், கடையில் “கிராவிட்டி எவ்வளவு வெச்சிருக்கீங்க?” என்று கேட்டால் இந்த எண்ணைத்தான் கேட்கிறார்கள். கிராவிட்டியில் 0.001 கூடினால் உப்பு ஏறத்தாழ 1.3 பிபிடி கூடியிருக்கிறது என்று பொருள். மூன்றாவது தசம இடத்தில் நடக்கும் மாற்றம் என்பதால் சின்னதாகத் தெரியும். மீனுக்கு அது சின்னதில்லை.

எல்லாக் கடலிலும் உப்பு ஒரே அளவில் இல்லை. ஆறுகள் வந்து சேராத, வெயில் காயும் செங்கடலின் வடக்கில் 40 பிபிடி இருக்கும். கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் வங்காள விரிகுடாவின் வடபகுதியில் மேல்மட்ட நீர் 30-க்கும் கீழே இறங்கும். இரண்டு இடத்திலும் மீன்கள் வாழ்கின்றன. ஆகவே 34-ஆ 35-ஆ என்று தூக்கம் கெட வேண்டியதில்லை. பவளம், இறால், நட்சத்திர மீன், கடல் முள்ளெலி போன்றவை இருக்கும் தொட்டிக்கு 1.025 முதல் 1.026 வரை நல்லது. மீன் மட்டுமே உள்ள தொட்டியைப் பலர் அதைவிடக் கொஞ்சம் குறைவாக வைத்திருக்கிறார்கள். அதிலும் மீன் வாழும். எந்த எண்ணைத் தேர்ந்தாலும் அது ஆடாமல் நிற்க வேண்டும். பெருமழையோ வெள்ளமோ வந்தால் ஒழிய, பவளத்திட்டைச் சுற்றிய கடல்நீரின் உப்பு ஒரே நாளில் பெரிதாக மாறுவதில்லை. உங்கள் தொட்டியிலோ ஒரு வாளித் தண்ணீரே அந்த மாற்றத்தைச் செய்துவிடும்.

மீனின் உடம்புக்குள் நடப்பது

கடல்மீனின் ரத்தத்தில் உள்ள உப்பு, அது நீந்தும் கடலில் உள்ளதைப் போல மூன்றில் ஒரு பங்குதான். உப்பு குறைவான பக்கத்திலிருந்து உப்பு மிகுந்த பக்கத்துக்குத் தண்ணீர் மெல்லிய சவ்வு வழியே கசிந்து போகும் என்பது இயற்கை விதி. அதனால் கடல்மீன் தண்ணீருக்குள் இருந்துகொண்டே, செவுள் வழியாக ஒவ்வொரு நொடியும் தன் உடம்புத் தண்ணீரை இழந்துகொண்டிருக்கிறது. ஈடுகட்ட அது கடல்நீரைக் குடிக்கிறது. குடித்தால் உப்பும் உள்ளே வருகிறது. அந்தச் சோடியத்தையும் குளோரைடையும் செவுளில் உள்ள தனிவகைச் செல்கள் வெளியே தள்ளுகின்றன. மக்னீசியமும் சல்பேட்டும் சிறுநீரகம் வழியாகப் போகின்றன. சிறுநீரோ மிகக் கொஞ்சம். தண்ணீரை வீணாக்க அந்த உடம்பால் முடியாது.

இந்த வேலைக்கெல்லாம் சக்தி செலவாகிறது. உப்பு ஏற ஏற அந்தச் செலவும் ஏறுகிறது. தினமும் ஏறி இறங்கினால், மீன் ஓயாமல் தன்னைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். சாப்பிடாமல் மூலையில் ஒதுங்கி நிற்கும் மீன், வேகமாக மூச்சு வாங்கும் மீன், எளிதில் வெள்ளைப் புள்ளி நோய் பிடிக்கும் மீன் ஆகியவற்றுக்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் மருந்து தேடுவதற்கு முன் உப்பை அளந்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை அது.

நட்சத்திர மீன், கடல் முள்ளெலி, பவளம் இவற்றின் நிலைமை இன்னும் இக்கட்டானது. மீனுக்கு உள்ளது போன்ற உப்பைத் தள்ளும் ஏற்பாடு இவற்றிடம் இல்லை. வெளியே என்ன உப்போ, உடம்புக்குள்ளும் அதுதான். திடீரென்று மாறினால் செல்கள் வீங்கும் அல்லது சுருங்கும். கடையில் நன்றாக இருந்த நட்சத்திர மீன் வீட்டுக்கு வந்த சில நாட்களில் கரைந்து போனால், பெரும்பாலும் அங்கே ஓர் உப்புத் தாவல் நடந்திருக்கிறது.

ஆவியாகும் தண்ணீரின் கணக்கு

தொட்டியில் 100 லிட்டர் தண்ணீர், 35 பிபிடி என்று வைத்துக்கொள்வோம். அதில் மொத்தம் சுமார் மூன்றரைக் கிலோ உப்பு கரைந்திருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் ஆவியானால், ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் 93 லிட்டர் மிஞ்சும். மூன்றரைக் கிலோ உப்போ அப்படியே இருக்கிறது. இப்போது அளந்தால் 37.6. பத்து லிட்டர் போய்விட்டால் கிட்டத்தட்ட 39. செங்கடலின் வடக்கு எல்லையை வீட்டிலேயே தொட்டுவிட்டீர்கள்.

ஆகவே குறைந்த இடத்தை உப்பில்லாத நல்ல தண்ணீரால் நிரப்ப வேண்டும். கடல்நீர்த் தொட்டிதானே என்று உப்புக் கரைத்த தண்ணீரை ஊற்றுவதுதான் தொடக்கக்காரர்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறு. அப்படி ஊற்றும் ஒவ்வொரு லிட்டரோடும் 35 கிராம் உப்பு கூடுதலாக உள்ளே போகிறது. போனது வெளியே வராது. உப்புத் தண்ணீர் ஊற்ற வேண்டிய சந்தர்ப்பம், பழைய தண்ணீரை அள்ளி வெளியே கொட்டிவிட்டு அதற்குப் பதில் புதியது விடும்போது. அப்போது உப்பும் சேர்ந்தே வெளியேறுகிறது, சேர்ந்தே திரும்பி வர வேண்டும்.

எவ்வளவு ஆவியாகும் என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஏசி ஓடும் அறையில் காற்று உலர்ந்திருக்கும், நிறையப் போகும். கத்திரி வெயில் காலத்தில் தண்ணீரைக் குளிர்விக்கத் தொட்டிமேல் சின்ன ஃபேன் வைப்பவர்கள் உண்டு. நல்ல, செலவு குறைந்த வழிதான். ஆனால் அந்த ஃபேன் தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது; எனவே ஃபேன் வைத்த நாளிலிருந்து நிரப்பும் அளவும் கூடும். மழைக்காலத்தில் அதே தொட்டியில் மட்டம் அவ்வளவாக இறங்காது. இதனால்தான் ‘தினமும் அரை லிட்டர்’ என்று மனப்பாடமாக ஊற்றுவது சரிவராது. உப்பு சரியாக இருக்கும் நாளில் கண்ணாடியில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். தொட்டிக்குக் கீழே சம்ப் (தண்ணீர் இறங்கி, வடிகட்டப்பட்டு, மோட்டாரால் மேலே திரும்பும் துணைத் தொட்டி) இருந்தால் கோட்டை மோட்டார் இருக்கும் அறையில் போடுங்கள். ஆவியாகும் தண்ணீர் எல்லாம் அங்கேதான் குறைந்து தெரியும். காலையிலும் இரவிலும் அந்தக் கோடு வரை நிரப்பினால் போதும். நாள் முழுக்க விட்டு ஒரே வீச்சில் மூன்று லிட்டர் ஊற்றுவதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவது மேல்.

இதைத் தானாகச் செய்யும் ஆட்டோ டாப்-ஆஃப் கருவிகள் இருக்கின்றன. மட்டம் இறங்கியதை மிதவையோ சென்சாரோ உணர்ந்தால், பக்கத்து டப்பாவிலிருந்து குட்டி மோட்டார் நல்ல தண்ணீரைத் தள்ளும். வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிட உதவியான பொருள் வேறில்லை என்பது என் கருத்து. விளக்குக்குச் செலவழிப்பதற்கு முன் இதற்குச் செலவழிக்கலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்த டப்பா பெரிதாக இருக்கக் கூடாது. மிதவையில் நத்தை ஏறி உட்கார்ந்து மோட்டார் நிற்காமல் ஓடினால், 20 லிட்டர் டப்பா முழுவதும் 100 லிட்டர் தொட்டிக்குள் இறங்கி உப்பை 29-க்குக் கொண்டுவந்துவிடும். ஐந்து லிட்டர் டப்பாவாக இருந்தால் அதே கோளாறில் 33-க்கு மேலேயே நிற்கும், உயிர்கள் தாங்கும்.

எந்தத் தண்ணீர்?

நிரப்பும் தண்ணீர் எவ்வளவு சுத்தமோ அவ்வளவு நல்லது. போர் தண்ணீரின் டி.டி.எஸ். (ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் பொருள்களின் மில்லிகிராம் அளவு) 500 என்று வைத்தால், தினமும் ஒரு லிட்டர் ஊற்றும்போது அரை கிராம் வேண்டாத உப்பு சேர்கிறது. ஒரு வருடத்தில் 180 கிராம். உப்பு கூடுவது மட்டுமில்லை, நைட்ரேட், சிலிக்கேட், சில வீடுகளில் பழைய குழாயின் தாமிரம் என்று எல்லாம் சேர்ந்து பாசியை வளர்த்து இறாலைக் கொல்லும்.

வீட்டு ஆர்.ஓ. தண்ணீரை எடுக்கலாம், ஆனால் குழாயிலிருந்து வருவதை அப்படியே எடுக்காதீர்கள். குடிக்க ருசி வேண்டும் என்பதற்காகப் பல கருவிகளில் கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைத் திரும்பக் கலந்தோ மினரல் கார்ட்ரிட்ஜ் வழியாக விட்டோ தருகிறார்கள். மெம்பிரேனிலிருந்து (ஆர்.ஓ.வின் வடிகட்டும் சவ்வு) நேராக வரும் குழாயில் கிளை எடுக்கச் சொல்லி மெக்கானிக்கிடம் கேளுங்கள். அதற்குப் பிறகு, மிஞ்சிய உப்பையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குப்பி ஒன்றைச் சேர்த்தால் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டும். பவளம் வளர்க்கும் எண்ணம் இருந்தால் இந்தக் குப்பி அவசியம்.

கல்லுப்பு ஏன் கூடாது?

கல்லுப்பும் கடலிலிருந்துதானே வருகிறது என்ற கேள்வி நியாயமானது. பதில் உப்பளத்திலேயே இருக்கிறது. பாத்தியில் நீர் சுண்டும்போது எல்லா உப்பும் ஒன்றாகப் படிவதில்லை. முதலில் கால்சியம் கார்பனேட் படிகிறது, பிறகு ஜிப்சம், அதற்குப் பிறகுதான் சோடியம் குளோரைடு. அதை வாரி எடுத்த பின் மிஞ்சும் கசப்பான நீரில் மக்னீசியமும் பொட்டாசியமும் தங்கிவிடுகின்றன. அந்த நீரை வடித்துவிடுகிறார்கள். சமையலுக்கு இது மிகச் சரியான முறை. ஆனால் வாரிய உப்பைத் திரும்பத் தண்ணீரில் கரைத்தால் கடல் திரும்பி வராது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 1,300 மில்லிகிராம் மக்னீசியமும் 400 மில்லிகிராமுக்குச் சற்று மேல் கால்சியமும் இருக்கின்றன; கல்லுப்புக் கரைசலில் இவை பெயருக்குத்தான் இருக்கும். பவளத்துக்கு எலும்பு கட்டக் கால்சியம் வேண்டும். மீனுக்கும் அந்தக் கலவை முழுவதும் வேண்டும்.

1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய ‘சேலஞ்சர்’ ஆய்வுக் கப்பல் பல இடங்களில் கடல்நீரைச் சேகரித்து வந்தது. அவற்றில் 77 மாதிரிகளை வேதியியலாளர் வில்லியம் டிட்மார் பகுத்துப் பார்த்து 1884-ல் வெளியிட்ட முடிவு, திறந்த கடலில் எங்கே எடுத்தாலும் முக்கிய உப்புகள் ஒன்றுக்கொன்று ஒரே விகிதத்தில் இருக்கின்றன என்பது. மொத்த உப்பு கூடலாம், குறையலாம், பங்கு மாறாது. தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்புக் கலவை அந்த விகிதத்தைப் பார்த்துத் தயாரிக்கப்படுகிறது. ஒரே ஒரு எண்ணை அளந்துவிட்டுக் கடல்நீர் சரியாக இருக்கிறது என்று நாம் நம்ப முடிவதும் அந்த விகிதத்தால்தான். கல்லுப்பைக் கரைத்தாலும் மீட்டர் 35 காட்டும். அந்த 35 வேறு.

கடற்கரைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் கடல்நீரையே எடுத்து வரலாமா? எடுக்கலாம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையம் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டியிருக்கிறது. அதெல்லாம் கடலோரத்தில் நடக்கும் வேலைதான். வீட்டுக்கு எடுக்கும்போது ஆற்று முகத்துவாரத்துக்கும் துறைமுகத்துக்கும் தள்ளி எடுக்க வேண்டும். சென்னையில் கூவமும் அடையாறும் கலக்கும் பக்கம் வேண்டவே வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் கரையோர நீரின் உப்பு நன்றாக இறங்கிவிடும், அப்போதும் வேண்டாம். எந்த மாதம் எடுத்தாலும் அளந்து பார்த்துக் குறைவதை உப்புக் கலவையால் ஈடுகட்டிய பிறகே தொட்டிக்குள் விட வேண்டும்.

கலப்பது

வாளியில் முதலில் தண்ணீர், பிறகு உப்பு. மாற்றிச் செய்தால், அடியில் உப்பு மிகக் கெட்டியாகக் கரையும் இடத்தில் கால்சியம் வெள்ளைப் பொடியாகப் படிந்துவிடும். அது மறுபடி எளிதில் கரையாது. உணவுப் பொருள் வைக்கத் தகுந்த பிளாஸ்டிக் டிரம்மில் ஒரு சின்ன மோட்டாரைப் போட்டு ஓடவிடுங்கள். தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்து, தொட்டியின் வெப்பத்துக்கு வந்த பிறகு அளங்கள். கரைந்துகொண்டிருக்கும்போது அளந்த எண்ணை நம்பி மேலும் உப்புப் போட்டால் மறுநாள் காலையில் அளவு தாண்டியிருக்கும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் திறந்த உப்புப் பை கட்டி தட்டும். ஈரம் ஏறிய உப்பை எடை பார்த்தால் எடையில் ஒரு பகுதி தண்ணீர்தான். இறுக மூடும் வாளியில் வைத்துவிடுங்கள்.

அளப்பது

கையில் டி.டி.எஸ். மீட்டர் இருக்கிறதே என்று அதைத் தொட்டிக்குள் விடாதீர்கள். குடிநீருக்கான மீட்டரால் கடல்நீரை அளக்க முடியாது, அதன் எல்லை வெகு கீழே முடிந்துவிடும்.

விலை குறைந்தது ஹைட்ரோமீட்டர். உப்பளத்தில் நீர் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பார்க்க மிதக்கவிடும் கண்ணாடிக் கருவியும் இதே குடும்பம். அங்கே அடர்த்தியைப் போமே டிகிரி என்ற வேறோர் அளவுகோலில் படிப்பார்கள், கடல்நீர் 3-ஐ ஒட்டி இருக்கும், உப்பு படியத் தொடங்குவது 25-ஐ ஒட்டி. மீன் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் முள் ஆடும் பிளாஸ்டிக் வகை. முள்ளில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலோ உப்பு படிந்தாலோ பொய் சொல்லும். அதை நம்பிப் பவளம் வளர்ப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். இரண்டு சொட்டு வைத்து, மூடியை மூடி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால், உப்புக்கு ஏற்ப ஒளி வளைவதை வைத்து நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோட்டில் எண் தெரியும். சொட்டு வைத்து அரை நிமிடம் பொறுங்கள், கண்ணாடியின் வெப்பத்துக்கு வரட்டும். இதில் பலர் அறியாத ஒரு சிக்கல் உண்டு. மலிவான கருவிகள் பலவற்றின் அளவுகோல் வெறும் சோடியம் குளோரைடு கரைசலுக்காக வரையப்பட்டது. நல்ல தண்ணீரை வைத்துப் பூஜ்யத்தில் நிறுத்தினாலும், அது உண்மையான 35 பிபிடி கடல்நீரை 36.5 என்று காட்டும். அதை நம்பி 35-க்குக் கொண்டுவந்தால் தொட்டியில் இருப்பது 33.5-ஐ ஒட்டித்தான். எனவே 35 பிபிடி என்று எழுதி விற்கும் சரிபார்ப்புக் கரைசல் ஒரு குப்பி வாங்கி, அதன் இரண்டு சொட்டை வைத்து, திருகைத் திருப்பிக் கோட்டை 35-ல் நிறுத்துங்கள். நாம் வேலை செய்யும் இடத்திலேயே கருவி சரியாகிவிடுகிறது. மாதம் ஒரு முறை இதைச் செய்தால் போதும். குப்பி கிடைக்காவிட்டால், அயோடின் சேர்க்காத தூய சோடியம் குளோரைடு 36.5 கிராமை 963.5 கிராம் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்தால், ரிஃப்ராக்டோமீட்டருக்கு மட்டும் அது 35 பிபிடி கடல்நீராகத் தெரியும்.

மின்கடத்து திறனை அளக்கும் டிஜிட்டல் மீட்டர்களும் நல்லவையே. 25 டிகிரியில் 35 பிபிடி கடல்நீருக்கு 53 மில்லிசீமன்ஸ் காட்ட வேண்டும். விலைதான் கூடுதல்.

தவறிவிட்டால் திருத்துவது

ஒரு நாளைக்கு ஒரு பிபிடிக்கு மேல் மாற்றாதீர்கள் என்பது பாதுகாப்பான விதி. உப்பு 38-க்கு ஏறிவிட்டது, மட்டமோ கோட்டில்தான் நிற்கிறது என்றால், 100 லிட்டரில் மொத்தம் எட்டு லிட்டரை எடுத்துவிட்டு அதே அளவு நல்ல தண்ணீர் விட்டால் 35 வரும். மூன்று நாளாகப் பிரித்துச் செய்யுங்கள். பாறையும் மணலும் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்பதையும் கழித்துக்கொள்ளுங்கள். 120 லிட்டர் தொட்டியில் தண்ணீர் 100 லிட்டர் இருந்தாலே அதிகம்.

உப்பு மெதுவாக இறங்குவதும் நடக்கும். புரோட்டீன் ஸ்கிம்மர் (நுரையால் அழுக்கைப் பிரிக்கும் கருவி) தள்ளும் அழுக்குத் தண்ணீரோடு உப்பும் போகிறது, மூடி ஓரத்தில் வெள்ளையாகப் பூத்துக் காயும் உப்பும் தொட்டியிலிருந்து போனதுதான். 32-க்கு இறங்கியிருந்தால் அவசரப்பட்டுத் தொட்டிக்குள் உப்பைக் கொட்ட வேண்டாம். பவளத்தின் மேல் விழுந்த உப்பு அந்த இடத்தைச் சுட்டுவிடும். மேலே தவறு என்று சொன்ன அதே காரியம் இங்கே மருந்தாகிறது: சில நாட்களுக்கு மட்டும், ஆவியான இடத்தை 35 பிபிடி உப்புத் தண்ணீரால் நிரப்புங்கள். தினம் ஒரு லிட்டர் என்றால் நாளுக்கு மூன்றில் ஒரு பிபிடி ஏறும். அளந்துகொண்டே வந்து, 35-ஐத் தொட்டதும் நல்ல தண்ணீருக்குத் திரும்பிவிடலாம்.

கடையிலிருந்து மீன் வரும்போது

நோய்க் கிருமிகளைக் கட்டுப்படுத்தவும் உப்பை மிச்சப்படுத்தவும் சில கடைகளில் மீன் தொட்டிகளை 1.018, 1.020 என்று குறைத்து வைத்திருப்பார்கள். பை வீட்டுக்கு வந்ததும் வெப்பத்தை மட்டும் சமன் செய்து மீனை விட்டால், அது ஒரே தாவலில் எட்டிலிருந்து பத்து பிபிடி வரை மேலே ஏற வேண்டியிருக்கும். உப்பு குறையும் பக்கம் போவதை மீன் ஓரளவு தாங்கும். ஏறும் பக்கம் போகும்போது உடம்பிலிருந்து தண்ணீர் உறிஞ்சப்படுவதால் தாங்குவது கடினம். பைத் தண்ணீரையும் இரண்டு சொட்டு எடுத்து அளங்கள். வித்தியாசம் இரண்டு பிபிடிக்குள் என்றால், காற்றுக்குழாயில் முடிச்சுப் போட்டுச் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரை விட்டு, ஒரு மணி நேரத்தில் சமன் செய்துவிடலாம். அதைவிடக் கூடுதல் என்றால், தனியாக ஒரு சின்னத் தொட்டியில் கடையின் உப்பு அளவிலேயே தண்ணீர் வைத்து மீனை அதில் விட்டு, நாளுக்கு ஒரு பிபிடி வீதம் ஏற்றுங்கள். நோய் இருக்கிறதா என்று கவனிக்கவும் அந்த நாட்கள் உதவும். எந்தக் கிராவிட்டியில் வைத்திருக்கிறார்கள் என்பதை மீனைப் பிடிக்கச் சொல்வதற்கு முன்பே கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள். வீட்டில் தனித் தொட்டியை அதற்கேற்ப முன்கூட்டியே தயாராக வைத்துவிட்டு, மறுநாள் போய் மீனை எடுத்து வரலாம்.